ஜாஸ் 4கே டிஸ்க்: மோனோவில் கேளுங்கள்

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' 1975இல் வந்த சுறாப் படம். அதன் 45ஆவது ஆண்டையொட்டி யுனிவர்சல் 2020இல் வெளியிட்ட 4கே டிஸ்க்கைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். அதுவரை நான் பார்த்திருந்தது கேபிள் டிவியில் ஓடிய ஜாஸ். பழைய சதுர டிவிக்காக இரண்டு பக்கமும் வெட்டியது. அகலத்திரைப் படத்தை அப்படி வெட்டினால் எவ்வளவு போய்விடுகிறது என்பது இந்த டிஸ்க்கைப் போட்ட பிறகுதான் தெரிந்தது.

கடற்கரைக் காட்சியைப் பாருங்கள். போலீஸ் அதிகாரி பிராடி மணலில் உட்கார்ந்து தண்ணீரையே கவனித்துக்கொண்டிருக்கிறார். கேமராவுக்கும் அவருக்கும் நடுவே ஆட்கள் குறுக்கே போகிறார்கள். ஒருவர் கடந்து போன நொடியில் ஷாட் மாறுகிறது, பிராடியின் முகம் இன்னும் நெருங்கி வந்துவிடுகிறது. யாரோ வந்து முகத்துக்கு நேரே நின்று தன் குறையைச் சொல்கிறார். பிராடியின் கண் அவர் தோளைத் தாண்டிக் கடலில் இருக்கிறது. முழு அகலத்தில் பார்க்கும்போது நாமும் அவரோடு சேர்ந்து கடலைத் துழாவுகிறோம். வெர்னா ஃபீல்ட்ஸின் எடிட்டிங்குக்கு ஆஸ்கர் கொடுத்ததில் ஆச்சரியமே இல்லை.

சுறாவை ஏன் இவ்வளவு நேரம் காட்டவில்லை என்ற கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி படுத்துவிட்டது. 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. சுறாவுக்குப் பதிலாக, அதன் உடலில் ஈட்டியால் கோத்துவிட்ட மஞ்சள் பீப்பாய்கள் நடித்தன என்றே சொல்லலாம். டிஸ்க்கில் அந்த மஞ்சள், நீலக் கடலில் அப்படியே எடுத்துக் காட்டுகிறது. பீப்பாய் ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு படகை நோக்கி வரும்போது இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. ஃபிலிமின் துகள்களை அழித்து மொழுமொழுவென்று ஆக்காமல் விட்டதற்கு நன்றி. ஆனால் அதே துல்லியத்தில், கடைசியில் படகின் மேல் வந்து விழும் சுறாவின் ரப்பர் தோலும் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது.

அப்புறம், ஒலி. நாலா பக்கமும் மேலேயிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸ் இருக்கிறது; ஜான் வில்லியம்ஸின் இசை அறையை நிறைக்கிறது. ஆனாலும் என்னைக் கேட்டால், மெனுவில் போய் ஒரே தடத்தில் ஒலி வரும் மோனோவை வைத்துக்கொள்ளுங்கள். தியேட்டரில் அன்று ஓடியது மோனோதான், ஒலிக்கான ஆஸ்கரை வாங்கியதும் அதுதான். சுறாவைத் தேடிப் போன பிராடி, வேட்டைக்காரர் குவின்ட், விஞ்ஞானி ஹூப்பர் மூவரும் இரவில் படகின் அறையில் குடிக்க, மற்ற இருவரும் தழும்புகளைக் காட்டிப் போட்டி போடும் காட்சியை மோனோவில் கேட்க வேண்டும். பிராடி சட்டையைக் கொஞ்சம் தூக்கித் தன் தழும்பைப் பார்த்துவிட்டு, பேசாமல் இறக்கிவிடுகிறார். அதன் பிறகு குவின்ட்டாக வரும் ராபர்ட் ஷா, இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய அமெரிக்கப் போர்க்கப்பல் இண்டியானாபொலிஸின் கதையைச் சொல்கிறார். நிஜத்தில் அது 1945 ஜூலை 30இல் மூழ்கியது. குவின்ட் ஜூன் 29 என்கிறார். தேதி தப்பாக இருந்தாலும் அந்தக் குரலை நம்பாமல் இருக்க முடியாது. எல்லா ஒலியும் ஒரே இடத்திலிருந்து வருவதால், நாமும் அந்த மேஜையில் நாலாவது ஆளாக உட்கார்ந்துவிடுகிறோம்.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயம்: 4கே டிஸ்க் சாதாரண புளூரே பிளேயரில் ஓடாது. கூடவே ஒரு புளூரேயும் பெட்டியில் வருகிறது; படம் உருவான கதையைச் சொல்லும் நீளமான ஆவணப்படம் அதில் இருக்கிறது. 4கே பிளேயரும் ஓரளவு பெரிய டிவியும் உள்ளவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். சின்ன டிவிதான் என்றால், 2012இல் படத்தைச் சீரமைத்து வெளியிட்ட புளூரேயே போதும். மோனோ அதிலும் உண்டு.