லேசர் மீத்தேன் கருவியுடன் மூன்று வருடங்கள்

வாங்கிய வாரத்தில் அந்த எண்ணைப் பார்த்து அசந்துபோனேன். வெளிக்காற்றில் மீத்தேன் சுமார் 1,900 பிபிபி (நூறு கோடியில் எத்தனை பங்கு என்ற அளவு). அதில் ஒரே விநாடியில் 2 பிபிபி வித்தியாசத்தைக் காட்டியது. 1653.7 நானோமீட்டருக்கு அருகே மீத்தேன் ஒளியை உறிஞ்சும் இடத்தில் டையோடு லேசரின் அலைநீளத்தை மேலும் கீழும் ஓட்டி அளக்கும் கருவி. விளம்பரத் தாளில் சொன்ன இரைச்சல் அளவு, அதாவது எண் தாறுமாறாக ஆடும் அளவு, உண்மைதான். ஆனால் அந்த ஓர் எண்ணை நம்பி வாங்கியது தவறு.

மீத்தேன் இல்லாத ஜீரோ காற்றை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. காலையில் பார்த்தால் ஜீரோ, அதாவது பூஜ்யமாக நிற்க வேண்டிய எண், 15 பிபிபி அலைந்திருந்தது. வெறும் இரைச்சல் என்றால் 100 விநாடி சராசரி எடுத்தால் பத்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். சராசரி நேரத்தை நீட்ட நீட்ட ஆட்டம் எவ்வளவு குறைகிறது என்று காட்டும் ஒரு கணக்கு உண்டு. கடிகாரங்களுக்காக டேவிட் ஆலன் 1966-இல் தந்த அந்தக் கணக்கை, 1993-இல் வெர்லவும் சகாக்களும் லேசர் வாயு அளவீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதைப் போட்டுப் பார்த்தேன். சராசரி நேரம் இரண்டு நிமிடம் ஆகும் வரை கோடு ஒழுங்காக இறங்கியது, அப்புறம் ஏறத் தொடங்கியது. ஏழெட்டு நிமிடத்தில் ஒரு திமில் வேறு. எங்கள் அறை ஏசி ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி நிற்கும். இப்படிச் சுற்றிச் சுற்றி வரும் ஆட்டம் இந்தக் கோட்டில் சுற்று நேரத்தின் பாதிக்கும் சற்றுக் குறைவான இடத்தில் திமிலாகத் தெரியும், ஆகவே திமில் அதனுடையது.

விற்ற நிறுவனத்தின் பொறியாளர் லேசரை மாற்றச் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. லென்ஸ் தாங்கியை விரல் நுனியால் மெல்ல அழுத்தினேன், ஜீரோ ஆடியது. விரலை எடுத்ததும் திரும்பியது. லேசர் கெட்டிருந்தால் இப்படி நடக்காது. லென்ஸுக்கும் கண்ணாடிச் சன்னலுக்கும் நடுவே ஒளி முன்னும் பின்னும் எதிரொலித்துக் குறுக்கீட்டு வரிகளை, அதாவது ஒளி மாறி மாறிக் கூடிக் குறையும் அலைகளை, உண்டாக்குகிறது. இடைவெளி 5 செ.மீ. வரிகளுக்கு நடுவே ஒளியின் அதிர்வெண்ணில் 3 கிகாஹெர்ட்ஸ். வளிமண்டல அழுத்தத்தில் மீத்தேன் ஒளியை உறிஞ்சும் கோட்டின் அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால் கருவிக்கு இரண்டையும் பிரித்தறிய முடியாது, வரியையும் மீத்தேன் என்றே எண்ணிவிடும். 5 செ.மீ. அலுமினியம் ஒரு டிகிரி சூட்டில் சுமார் 1.15 மைக்ரான் நீளும், 0.83 மைக்ரான் நகர்ந்தாலே வரி ஒரு முழுச் சுற்றுப் போய்விடும். ஏசி செய்த வேலை இதுதான்.

சன்னலைச் சற்றே சாய்த்தேன். ஒளியியல் பகுதி முழுவதையும் தெர்மோகோல் வைத்த பெட்டிக்குள் அடைத்து, 35 டிகிரியில் சூடாக்கி வைத்தேன். ஆலன் கோடு இறங்கும் நேரம் இரண்டு நிமிடத்திலிருந்து பத்தானது. இந்த மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அது.

லேசரின் முதுமை பற்றிப் பலரும் பயமுறுத்தினார்கள். அலைநீளம் மெல்ல நகர்ந்தது உண்மை. ஆனால் உள்ளே இருக்கும் மீத்தேன் குப்பி லேசரை அந்த உறிஞ்சும் கோட்டிலேயே பிடித்து வைத்துவிடுகிறது. ஆடியில் தூசி படிந்து ஒளி குறைந்தாலும் கணக்கு அதைச் சரிக்கட்டிவிடுகிறது.

ஈரம் அப்படி விடாது. சென்னை மழைக்காலக் காற்றில் நீராவி 3 சதவீதம் இருந்தால், அந்த அளவுக்கு மீத்தேன் நீர்த்து, 57 பிபிபி குறைவாகக் காட்டும். நான் தேடிக்கொண்டிருந்த இரைச்சலைவிட இது எவ்வளவோ பெரிது. இப்போது உலர்த்திக் குழாய் வழியாகத்தான் காற்று உள்ளே போகிறது.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜீரோ பார்க்கிறேன். அதைக் கழிக்கும்போது ஜீரோவின் இரைச்சலும் கூடவே வந்துவிடும். காற்றுக்கும் ஜீரோவுக்கும் ஒரே நேரம் ஒதுக்கினால் இரைச்சல் 1.4 மடங்கு. ஜீரோ காற்று சிலிண்டர் செலவும் ஏறுகிறது. அடுத்த கருவி வாங்கும்போது ஏசி இல்லாத அறையில் ஓர் இரவு ஜீரோ காற்றோடு ஓட்டிய பதிவைக் கேட்டு வாங்கி, ஆலன் கோட்டை நானே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுவேன்.