ஆர்பிட்டல் ஓ2: கைக்கு எட்டும் கடல் டர்பைன்

காற்றாலைப் பராமரிப்பில் இருப்பவன் நான். எந்த டர்பைனைப் பார்த்தாலும், பழுதானால் அதன் கிட்டே எப்படிப் போவது என்றுதான் முதலில் கேட்பேன். மெகாவாட் கணக்கெல்லாம் அப்புறம். கடல் நீரோட்டத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் இயந்திரங்களில் ஸ்காட்லாந்தின் ஆர்பிட்டல் ஓ2 எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான்.

74 மீட்டர் நீள மிதவை. இருபுறமும் ஒவ்வொரு கை; ஒவ்வொரு கையின் நுனியிலும் 20 மீட்டர் விட்டமுள்ள ரோட்டார், 1 மெகாவாட் ஜெனரேட்டர். ஆர்க்னி தீவுக் கடலில் நங்கூரத்தில் நின்றபடி 2021 ஜூலையில் மின்சாரம் தர ஆரம்பித்தது. வேலை வந்தால் கைகளை மேலே தூக்கிவிடலாம். ரோட்டார் நீர்மட்டத்துக்கு வந்துவிடும், சிறு படகிலேயே ஆள் போய்ச் சேரலாம். கடலடியில் நிற்கும் டர்பைன் என்றால் பெரிய கப்பலை வரவழைத்து, ஓட்டம் தணியும் கொஞ்ச நேரத்துக்குள் அதைத் தூக்கியாக வேண்டும். செலவு எகிறிவிடும். ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும்: ஸ்காட்லாந்திலேயே உள்ள மேஜென் என்ற கடல் நீரோட்ட மின்திட்டத்தின் கடலடி டர்பைன் ஒன்று 6 ஆண்டுகளுக்கு மேல் மேலே எடுக்கப்படாமலே ஓடியிருக்கிறது. அது பெரிய சாதனை.

சுமார் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டம் திசை மாறும். ஓ2 அதற்காகத் திரும்புவதில்லை. பிளேடுகள் மட்டும் தம் அச்சில் புரண்டு எதிர்த்திசை நீரைப் பிடிக்கின்றன. இது நல்ல வடிவமைப்பு, சங்கிலியும் கேபிளும் முறுக்கிக்கொள்ளாது.

முழுத் திறனுக்கு நீர் விநாடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். வேகம் பாதியானால் நீரிலுள்ள ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால் ஓட்டம் வேகமெடுக்கும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நல்ல விளைச்சல், இடைப்பட்ட நாட்களில் குறைவு. ஆனால் இதெல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டு வைக்கக்கூடியது. எங்கள் துறையில் ஒரு போல்ட் மாற்றக்கூடக் காற்று தணியக் காத்திருப்போம். இங்கே வானிலை மட்டும் ஒத்துழைத்தால் போதும், நீர் எப்போது நிற்கும் என்பது அட்டவணையிலேயே இருக்கிறது. எனக்கு உண்மையிலேயே பொறாமைதான்.

விலைதான் இடிக்கிறது. மின்சாரத்துக்கு விலை நிர்ணயிக்கும் 2022 பிரிட்டிஷ் அரசு ஏலத்தில் இந்த வகை மின்சாரத்துக்கு ஒரு மெகாவாட்-மணிக்கு 178.54 பவுண்டு கிடைத்தது, கடல் காற்றாலைக்கு 37.35 (இரண்டும் 2012 விலைமட்டத்தில்). ஒற்றை இயந்திரத்தை வைத்து இந்த இடைவெளியை அடைக்க முடியாது. ஒரே கடலில் வரிசையாகப் பத்து, இருபது நிறுத்தி, ஒரே பராமரிப்புக் குழுவும் உதிரிபாகக் கிடங்கும் அத்தனைக்கும் பொதுவாக இருந்தால்தான் விலை இறங்கும். அப்படி ஒரு வரிசையில் வேலை செய்யக் கூப்பிட்டால் நான் போவேன்.