கருநீலக் காரும் உப்புத் தண்ணீரும்: இரண்டே கால் ஆண்டுக் கழுவல் அனுபவம்

வண்டி வீட்டுக்கு வந்த ஐந்தாவது வாரம், திருச்சிக்குப் போய்த் திரும்பும் வழியில் இரவு பத்து மணிக்கு ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினேன். தலைக்கு மேல் வெள்ளை எல்இடி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் பிம்பம் பானட்டில் விழுந்த இடத்தைச் சுற்றி, சிலந்தி வலை பின்னியதுபோல் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் வட்டம் வட்டமாகத் தெரிந்தன. பகலில் ஒன்றுகூடக் கண்ணில் பட்டதில்லை. யாரும் உரசவில்லை, எங்கும் இடிக்கவில்லை. முப்பத்தைந்து நாளில் அந்தக் கீறல்களை உண்டாக்கியது, வண்டியைச் சுத்தமாக வைத்திருக்க நாங்கள் எடுத்த முயற்சிதான் என்பது அன்றிரவு புரிந்தது. அதற்குப் பிறகு நான் அமைத்துக்கொண்ட கழுவும் முறை, அதில் நிலைத்தவை, நான் கைவிட்டவை ஆகியவற்றை, இருபத்தோராயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும் இந்த நிலையில் எழுதுகிறேன்.

காரின் பெயின்ட் என்று நாம் சொல்வது பல அடுக்குகள் சேர்ந்தது. தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். இந்தக் கடைசி அடுக்கின் தடிமன் பெரும்பாலான கார்களில் நாற்பது, ஐம்பது மைக்ரான் அளவில்தான் இருக்கும். நம் தலைமுடி ஒன்று அதைவிடத் தடிமனானது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் பளபளப்பைத் தருவதும் அந்த அடுக்குதான். தூசியின் மேல் துணியை வைத்துத் தேய்க்கும்போது, தூசியில் இருக்கும் மணல் துகள் அந்த அடுக்கைக் கீறுகிறது. வெள்ளை, வெள்ளி நிறக் கார்களில் இது எளிதில் தெரிவதில்லை. கறுப்பு, கருநீலம், அடர் சிவப்பு வாங்கியவர்களுக்கு முதல் ஆண்டிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் குடியிருப்பில் காலை ஐந்தரை மணிக்கு ஒரு அண்ணன் வந்து ஒன்பது கார்களைத் துடைக்கிறார். ஒரு வாளி தண்ணீர், ஒரு பழைய துணி. ஏழு மணிக்குள் ஒன்பது வண்டியையும் முடிக்க வேண்டும் என்றால் வேறு எந்த வழியிலும் அவரால் முடியாது. அந்த வேலைக்கு மாதம் ஒரு வண்டிக்கு நாங்கள் கொடுக்கும் பணமும் அவ்வளவுதான். ஆகவே அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் காலை இறங்கிப் போய்ப் பேசினேன்.

“அண்ணே, இனிமே நம்ம வண்டிக்கு வெளியில துடைக்க வேணாம். முன்கண்ணாடி, பின்கண்ணாடி, உள்ள மேட்டு மட்டும் பாத்துக்குங்க. பணம் அதேதான்.”

“தூசியோட நிக்குமே சார், பாக்கறவங்க என்னைத்தான கேப்பாங்க?”

“கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்கண்ணே.”

இந்த இரண்டே கால் ஆண்டில் வண்டிக்கு நான் செய்த மிகப் பெரிய நன்மை இந்தப் பேச்சுதான் என்று உறுதியாகச் சொல்வேன். பிறகு வாங்கிய எந்த ஷாம்பூவும் எந்தத் திரவமும் இதற்கு ஈடாகவில்லை. தூசி படிந்து நிற்பதால் பெயின்ட்டுக்கு எந்தக் கேடும் இல்லை; அந்தத் தூசியை உலர்ந்த நிலையிலோ அரைகுறை ஈரத்திலோ தேய்ப்பதுதான் கேடு.

அடுத்த சிக்கல் தண்ணீர். வீடு பழவந்தாங்கல் ரயில் நிலையத்துக்கு அருகில். கீழே இருக்கும் குழாயில் வருவது போர் தண்ணீர். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை முந்நூறு ரூபாய்க்கு வாங்கி அளந்தபோது லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் காட்டியது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் விரும்பத்தக்க வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்பதோடு ஒப்பிட்டால், கழுவிய அரை மணி நேரத்தில் கதவெல்லாம் வெள்ளை வட்டங்கள் படிந்ததில் வியப்பில்லை. துளி ஆவியாகிப் போனாலும் அதில் கரைந்திருந்த கால்சியமும் மக்னீசியமும் அங்கேயே தங்கிவிடுகின்றன. வெயில் ஏற ஏற அந்தப் படிவு கெட்டிப்பட்டு, சாதாரண ஷாம்பூவுக்கு அசையாமல் போகிறது. புதிதாகப் படிந்த கறையாக இருந்தால், ஒரு பங்கு வெள்ளை வினிகரில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி வைத்துவிட்டு உடனே நல்ல தண்ணீரில் அலசினால் போய்விடும். மாதக்கணக்கில் விட்ட கறைக்கு அது பயன்படாது.

ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்காமல் காருக்குப் பயன்படுத்துங்கள் என்று நல்லெண்ணத்தோடு பலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வடிகட்டப்பட்ட உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தத் தண்ணீரில்தான். எங்கள் வீட்டில் அது போர் தண்ணீரைவிடக் கூடுதலாகக் காட்டியது. எனக்குக் கைகொடுத்தது ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து துளியாவதால் அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. என் மீட்டரில் இருபதுக்குக் கீழே காட்டியது. சென்னைப் புழுக்கத்தில் ஓர் இரவு ஏசி ஓடினால் குழாயின் கீழ் வைத்த வாளி நிறைந்துவிடுகிறது. ஏசி வடிகட்டியைக் கழுவாமல் விட்டிருந்தால் அதில் தூசி வரும் என்பதால், மெல்லிய துணியில் வடிகட்டிக் கேனில் சேர்த்து வைக்கிறேன். போர் தண்ணீரில் கழுவி முடித்த பிறகு, கடைசி அலசலுக்கு மட்டும் இந்தத் தண்ணீரைக் கைத்தெளிப்பானில் ஊற்றி மேலிருந்து கீழாக விடுகிறேன். வெள்ளை வட்டங்கள் அன்றோடு நின்றன.

கழுவுவது பதினைந்து நாளைக்கு ஒரு முறை, ஞாயிறு காலை ஆறு மணிக்கு, தகடு குளிர்ந்திருக்கும்போது. முதலில் சக்கரங்கள். பிரேக்கிலிருந்து உதிரும் கரியும் இரும்புத் துகளும் அங்கே இருப்பதால் அவற்றுக்குத் தனி வாளி, தனித் துணி. அந்தத் துணி பானட்டை ஒருபோதும் தொடாது. பிறகு வண்டி முழுவதும் தண்ணீர் அடித்து, செடிக்கு மருந்து அடிக்கும் கைப் பம்ப்பில் ஷாம்பூ கரைத்துத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி அலசுகிறேன். பிரஷர் வாஷர் இருப்பவர்களுக்கு நுரைத் துப்பாக்கி இதே வேலையை அழகாகச் செய்யும். என்னிடம் அது இல்லை, அதனால் குறையும் தெரியவில்லை. நோக்கம், கை படுவதற்கு முன்பே எவ்வளவு மண்ணை இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கிவிடுவது. ஷாம்பூ காருக்கென்று விற்கும், காரமோ அமிலமோ மிகாத வகையாக இருக்க வேண்டும். பாத்திரம் துலக்கும் திரவம் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்த்து நாம் பூசிய மெழுகையும் எடுத்துவிடும்.

இதற்குப் பிறகுதான் கை வைப்பது. ஒரு வாளியில் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பூவில் முக்கி, கூரையிலிருந்து தொடங்கி, வட்டமாகச் சுற்றாமல் நேர்கோட்டில் இழுத்து, ஒரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டு மறுபடி ஷாம்பூவுக்கு வர வேண்டும். இது அவசியமா என்று கேட்பவர்களுக்கு, கழுவி முடித்த பின் அந்த இரண்டாவது வாளியின் அடியைத் தடவிப் பார்க்கச் சொல்வேன். என் வாளியில் ஒவ்வொரு முறையும் ஒரு தேக்கரண்டி அளவுக்கு நறநறவென்று மணல் விரலில் படுகிறது. ஒரே வாளியாக இருந்தால் அந்த மணல் முழுவதும் திரும்பத் திரும்பக் கதவில் ஏறியிருக்கும்.

துடைப்பதற்குத் தடித்த முறுக்கிழை டவல் ஒன்று. அதை விரித்துக் கூரையின் மேல் போட்டு, இரண்டு முனையையும் பிடித்து என் பக்கம் மெதுவாக இழுக்கிறேன். அழுத்துவதில்லை, அதன் எடையே போதும். துணிகளைத் துவைக்கும்போது வாசனைக்காகப் போடும் ஃபேப்ரிக் கண்டிஷனரைச் சேர்க்கக் கூடாது. இழைகளில் படிந்து உறிஞ்சும் திறனைக் கெடுத்துவிடும். முதல் இரண்டு டவல்களை இப்படித்தான் இழந்தேன்.

இரண்டாம் ஆண்டிலிருந்து இடைப்பட்ட வாரங்களில் அலசல் தேவைப்படாத கழுவலுக்கு மாறியிருக்கிறேன். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு நாங்கள் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்ததை மறக்க முடியாது. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரில் கார் கழுவினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். குழாயைத் திறந்துவிட்டு வண்டி கழுவ எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த முறையில் நான்கு லிட்டர் தண்ணீரில் இதற்கென்று விற்கும் திரவம் பதினைந்து மில்லி, அதாவது ஒன்றுக்குச் சுமார் 267 பங்கு. திரவம் மணலைச் சூழ்ந்து வழுக்கலாக்கித் தூக்கிவிடுகிறது. எட்டுத் துணிகளை அதில் ஊறவைத்து, ஒவ்வொன்றையும் நான்காக மடித்து, ஒரு பக்கம் அழுக்கானதும் புதுப் பக்கத்தைத் திருப்பி, அழுக்கான துணியை மறுபடி வாளிக்குள் விடாமல் செய்ய வேண்டும். வெறும் தூசிக்கு இது அருமையான முறை. சேறு அப்பியிருந்தால் இதைத் தொடவே கூடாது; மழைக்காலத்தில் அவசரப்பட்டு ஒரு முறை செய்து, பின்கதவில் இரண்டு நீளக் கோடுகளை வாங்கிக்கொண்டேன்.

ரயில் பாதை அருகில் நிறுத்துபவர்களுக்கு ஒரு செய்தி. கழுவித் துடைத்த கதவைத் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். ரயிலின் பிரேக்கிலிருந்தும் சக்கரத்திலிருந்தும் பறக்கும் நுண்ணிய இரும்புத் துகள் பெயின்ட்டில் பதிந்து துருப்பிடிப்பதே காரணம். இரும்பு நீக்கும் திரவத்தைத் தெளித்த மூன்றாவது நிமிடம், கருநீலத் தகட்டில் நாவல்பழச் சாறு வடிவதுபோல் ஊதாக் கோடுகள் இறங்கின. ஆண்டுக்கு இரு முறை இதைச் செய்கிறேன். பதிந்த துகளை உரசி எடுக்கும் க்ளே பார் என்ற களிமண் கட்டியை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் தொடுவதில்லை. அதுவும் ஓர் உரசல்தானே.

பாதுகாப்புப் பூச்சு பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. வண்டி எடுத்த அன்றே செராமிக் கோட்டிங் போடுங்கள், 9எச் கடினம், கீறலே விழாது என்று விற்பனைப் பிரதிநிதி வற்புறுத்தினார். அந்த 9எச் என்பது பென்சில்களால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. கனிமங்களின் கடினத்தை அளந்து வைரத்துக்குப் பத்து என்று சொல்லும் மோஸ் அளவுகோலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. செராமிக் நல்ல பொருள்தான், தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும், கழுவுவதும் எளிதாகும். ஆனால் அழுக்குத் துணியின் கீறலை அது தடுக்காது. போடுவதற்கு முன் பெயின்ட்டைச் சரிசெய்யாவிட்டால், இருக்கும் கீறலையும் உள்ளே வைத்தே மூடிவிடும். நான் முதலில் கார்னோபா மெழுகு பூசினேன். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையில் கிடைக்கும் மெழுகு அது. கருநீலத்தில் அது தந்த ஆழமான மினுமினுப்பு வேறு எதிலும் வரவில்லை என்றாலும், ஏப்ரல் வெயிலில் ஐந்து வாரம்கூடத் தாங்கவில்லை. இப்போது சிலிக்கா கலந்த ஸ்ப்ரே சீலன்ட் ஒன்றை மூன்று மாதத்துக்கு ஒரு முறை அடித்துத் துடைக்கிறேன். இருபது நிமிட வேலை.

ஆயுத பூஜைக்கு வைக்கும் சந்தனம் குங்குமத்தை மறுநாளே ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்துவிடுகிறேன். காய்ந்த பின் சுரண்டக் கூடாது. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் சேர்ந்த புங்க இலைகளையும் பூக்களையும் கையால் அள்ள வேண்டும். அங்கேயுள்ள வடிகால் துளை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, கால் வைக்கும் மேட்டுக்குக் கீழே பூஞ்சை பிடித்துவிடும். உள்பக்கத்துக்கு வாக்யூமும் ஈர மைக்ரோஃபைபரும் போதும். டேஷ்போர்டைப் பளபளக்க வைக்கும் எண்ணெய்ப் பூச்சு வேண்டாம். அதன் பிம்பம் கண்ணாடியில் விழுந்து மதிய வெயிலில் சாலையை மறைக்கிறது.

காக்கை எச்சம்தான் இன்னும் என்னைத் தோற்கடிப்பது. அதில் யூரிக் அமிலம் உண்டு. அதோடு, வெயிலில் இளகி விரியும் கிளியர் கோட் இரவில் சுருங்கும்போது, காய்ந்து கிடக்கும் எச்சத்தின் வடிவத்தையே பிடித்துக்கொள்கிறது. வண்டியில் எப்போதும் ஒரு சின்னத் தெளிப்பானும் இரண்டு துணியும் வைத்திருக்கிறேன். நனைத்த துணியை மூன்று நிமிடம் மேலே போட்டு வைத்து, பிறகு அழுத்தாமல் அப்படியே அள்ளி எடுத்தால் தடம் விழுவதில்லை. சென்ற மே மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்கு ரயிலில் போய் நான்கு நாள் கழித்துத் திரும்பியபோது, பானட்டில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒன்று காய்ந்திருந்தது. எடுத்தேன், தடம் நின்றுவிட்டது.

பெட்ரோல் பங்க்கில் பார்த்த கீறல்களை ஆறாவது மாதத்தில் காரை நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றும் ஒரு டீடெய்லிங் கடையில் மெஷின் பாலிஷ் போட்டு எடுத்தாயிற்று. ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டில் சில மைக்ரானைத் தேய்த்துக்கொண்டு போவதால், இந்த ஒரு தடத்துக்காக மறுபடி பானட்டைக் கொடுக்க விருப்பமில்லை. ஞாயிறு காலை துடைத்து முடிக்கும்போது, கிழக்கு வெயில் சாய்வாக விழும் சில நிமிடங்களுக்கு ஓட்டுநர் பக்கம் அது மங்கலாகத் தெரியும். கையால் தடவினால் ஒன்றும் தட்டுப்படாது.