இரத்மலானைக் கடற்காற்றுக்கு எந்தக் கிட் விமானம் பொருந்தும்?

கொழும்பில் ஒரு பறத்தல் கழகம் தன் உறுப்பினர்களைக் கொண்டே கிட் விமானம் ஒன்றை, அதாவது பாகங்களைத் தொகுதியாக வாங்கித் தாமே பொருத்தும் சிறு விமானத்தை, கட்ட முனைந்தால், வான்ஸ் ஆர்வி-7, ஸெனித் சீஎச் 750, கிட்ஃபொக்ஸ் ஆகிய மூன்றும் கட்டாயம் பேச்சுக்கு வரும். மூன்றிலும் இருவர் அருகருகே அமரலாம். வேகத்தில் ஆர்வி-7ஐ மற்றவை நெருங்க முடியாது. கொழும்பை அடுத்த கடலோர இரத்மலானை விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி வரையான ஏறத்தாழ 330 கிலோமீற்றரை அது ஒரு மணிநேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கடந்துவிடும். சீஎச் 750க்கு இரண்டு மணிநேரம் வேண்டும். ஆயினும் கழகமொன்று வேகத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடரும் பட்டறையில், புதியவரின் கைக்கும் பிடிபடக்கூடிய கட்டுமுறையும் உப்புக்காற்றுக்கு ஈடுகொடுக்கும் உலோகமுமே முதலில் பார்க்கப்பட வேண்டியவை.

ஆர்வி-7இல் தகடுகளை இணைக்கும் ஆணிகளில் பெரும்பாலானவை திண்ம ரிவெட்டுகள். ஒருவர் காற்றழுத்தச் சுத்தியலால் தலையில் அடிக்கும்போது, மற்றவர் தகட்டின் பின்புறம் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். 3.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள ரிவெட்டின் வால், அதாவது தலைக்கு எதிர்முனை, ஏறத்தாழ 4.8 மில்லிமீற்றர் அகலமும் 1.6 மில்லிமீற்றர் உயரமுமாக நசுங்க வேண்டும். கட்டை சற்றுச் சரிந்தாலும் வால் ஒருபக்கம் சாய்ந்துவிடும், பிறகு அதைத் துளையிட்டு அகற்ற வேண்டியதுதான். இப்படி 10,000க்கும் மேற்பட்ட ரிவெட்டுகள் உள்ளன. நன்கு பழகிய இருவர் இருந்தால் இதைவிட அழகான வேலை இல்லை. ஆனால் அந்த விமானத்தின் 2024-டீ3 வகை அலுமினியம் வலிமை மிக்கதாயினும், மேற்பூச்சு கீறுப்பட்ட இடத்தில் எளிதில் அரிக்கும்.

சீஎச் 750இன் 6061-டீ6 வகை அலுமினியம் அரிப்பை அதைவிட நன்றாகத் தாங்குகிறது. அந்த விமானத்தில் இழுத்து இறுக்கும் பொப் ரிவெட் என்பதால் ஒரே பக்கத்திலிருந்து ஒருவரே போடலாம். புதிய உறுப்பினருக்கும் விரைவில் கைவந்துவிடும்.

கிட்ஃபொக்ஸின் மடியும் இறக்கைகள் இடநெருக்கடிக்குப் பெரும் வசதி. எனினும் துணிக்குள் மறைந்த உருக்குக் குழாய்ச் சட்டகத்தில் துரு பிடித்தால், அது வெளியே தெரிய நாளெடுக்கும்.

எரிபொருளிலும் வேறுபாடு உண்டு. ஆர்வி-7க்குரிய லைக்கமிங் எஞ்சின்கள் பெரும்பாலும் விமானப் பெற்றோலை நம்பியவை. மற்ற இரண்டிலும் பொருத்தக்கூடிய 100 குதிரைவலு ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் எஞ்சின், கார்களுக்கு ஊற்றும் ஒக்டேன் 95 பெற்றோலிலும் இயங்கும்.

ஆகவே என் தெரிவு சீஎச் 750. பாதிக்கு மேற்பட்ட வேலையைக் கட்டுபவரே செய்திருக்க வேண்டும் என்ற 51 சதவீத விதி அமெரிக்காவினுடையது; அதை நம்பி இங்கு பணம் கட்டாமல், சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடம் இந்நாட்டு நிபந்தனைகளை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். அதன்பின், ஸெனித் தனியாக விற்கும் வால் சுக்கான் கிட்டை மட்டும் முதலில் தருவித்து, முழுக் கிட்டுக்கான பணத்தைத் திரட்டுமுன் உறுப்பினர் எல்லோரையும் அதில் வேலை செய்ய வைப்பது நல்லது.