புதுக்குடியிருப்பு ஸ்ரூடியோவுக்கு நான் வாங்கிய பிரிண்டர்கள்

புதுக்குடியிருப்பில் சின்ன ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். கடவுச்சீட்டுப் படங்கள் இப்போது கணினி வழியே போய்விடுவதால் அதில் பேப்பர் வேலை இல்லை. எனக்கு வருகிற அச்சு வேலையில் பாதி பழைய படங்கள்தான். 2009 போரில் அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. ஓர் அடையாள அட்டையையோ பேர்சுக்குள் மடிந்து கிடந்த முத்திரை அளவுப் படத்தையோ கொண்டுவந்து, பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தரச் சொல்வார்கள். வீட்டில் வேறு படமே இருக்காது. அதனால், சுவரில் எத்தனை வருசம் நிற்கும் என்று பார்த்துத்தான் பிரிண்டர் வாங்க வேண்டும் என்பேன்.

முதலில் வாங்கியது நாலு மை ஊற்றும் சாதாரண பிரிண்டர். பில், கடிதம், ரியூசன் தாள் எல்லாம் அருமையாக அடிக்கும். முகத்துக்குச் சரிவராது. நெற்றியிலும் கன்னத்திலும் வெளிச்சம் விழுந்த இடம் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

பிறகுதான் எப்சன் எல்805 எடுத்தேன். இதில் வழமையான நாலு மையோடு இளநீலம், இளஞ்சிவப்பு என்று இன்னும் இரண்டு உண்டு. தோல் நிறம் மிருதுவாக இறங்குவது அந்த இரண்டாலும்தான். ஏ4 வரை அடிக்கலாம். மை 70 மில்லி போத்தலில் வரும், நாமே ஊற்றலாம். இனி புதிதாக வாங்குகிறவர்கள் இதற்குப் பின் வந்த எல்8050ஐப் பாருங்கள், அதுவும் ஆறு மைதான்.

மை விசயத்தில் நான் ஒரு பெரிய பிழை விட்டேன். ஒரு கடையில் பாதி விலைக்கு வேறு மை தந்தார்கள், ஊற்றிவிட்டேன். அடித்த அன்று ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து ஓர் அம்மா சட்டத்தோடு படத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தா. "தம்பி, பிள்ளையின்ரை முகம் சிவந்து போச்சு." நீலம் முழுக்கப் போயிருந்தது. கறுப்புத் தலைமயிர் செம்பட்டையாகி, வெள்ளைச் சேட்டு ரோஸ் நிறத்தில் இருந்தது. எனக்குப் பேச்சு வரவில்லை. அன்றே டாங்கியைத் துப்பரவாக்கி, எப்சனின் சொந்த மையை ஊற்றி, காசு வாங்காமல் திரும்ப அடித்துக் கொடுத்தேன். போன மாதம் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு வருசமாகியும் முகம் அப்படியே இருக்கிறது. அடித்த படத்தை ஒரு நாள் காயவிட்டு, கண்ணாடி போட்டு, வெயில் படாத சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.

வேலை இல்லாத நாளிலும் இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு கலர்ப் படம் அடித்துவிடுங்கள். இங்கத்தை வெக்கைக்கு மை தெளிக்கிற ஹெட் காய்ந்தால், அதைக் கழுவவே மை நிறையப் போகும். கிரவல் தூசிக்கு மேலே ஒரு துணி போட்டு மூடுங்கள்.

சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று நிகழ்ச்சி நடக்கிற இடத்திலேயே படம் கொடுக்க கனன் செல்பி சிபி1500 என்ற பிரிண்டர் வைத்திருக்கிறேன். இது மை ஊற்றுகிற சாமான் இல்லை. ரிப்பனைச் சூடாக்கி நிறத்தைத் தாளில் ஏற்றுகிறது. தாள் நாலு தரம் உள்ளே போய் வரும்: மஞ்சள், சிவப்பு, நீலம், கடைசியில் மேற்பூச்சு. 41 செக்கனில் காய்ந்த படம் கையில். தண்ணி பட்டாலும் கரையாது. தனியாக பற்றரி வாங்கிப் போட்டால் கரண்ட் போனாலும் வேலை நிற்காது. தபாலட்டை அளவுக்கு மேல் அடிக்க முடியாது, ஒரு படத்துக்கு விழுகிற செலவும் கூட. அதனால் கடை வேலைக்கு எல்805, வெளி வேலைக்குச் செல்பி. கையில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் ஆறு மைப் பிரிண்டரை எடுங்கள்.

செல்பி வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. பாவித்த ரிப்பனை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால், அடித்த முகமெல்லாம் நெகட்டிவாகத் தெரியும். அது ஊர்ப் பிள்ளைகளின் படம். நான் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிவிட்டுத்தான் குப்பையில் போடுவேன்.