ஆழத்தில் கிடப்பது காசா, ஆணியா? திரையின் எண்ணும் காதில் விழும் ஒலியும்

ஆரியங்காவில் சித்தப்பாவின் தோட்டம் மலைச்சரிவில் இருக்கிறது. 1949 வரை செங்கோட்டையும் ஆரியங்காவும் ஒரே திருவிதாங்கூர், 1956 வரை ஒரே மாநிலம். அதனால் எங்கள் பக்கத்து மண்ணில் பிரிட்டிஷ் ரூபாயும் கிடக்கும், திருவிதாங்கூர்ச் சக்கரமும் கிடக்கும். ரூபாய் 11.66 கிராம், உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். சக்கரமோ அரை கிராம்கூட இல்லாத வெள்ளிப் பொட்டு. கையால் எண்ணி மாளாது என்று, குழி குழியாகக் குடைந்த சக்கரப் பலகையில் கொட்டிக் குலுக்கி எண்ணினார்கள். திருவிதாங்கூரின் சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம், பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½. இந்த இரண்டு காசையும் ஒரு சாண் ஆழத்தில் சரியாக அடையாளம் சொல்லும் மெட்டல் டிடெக்டர்தான் எனக்கு வேண்டும்.

நாலு விரற்கடை ஆழத்தில் எந்தக் கருவியும் ஓரளவு சரியாகவே சொல்லும். சிக்கல் அதற்குக் கீழே. கருவியின் அடியில் இருக்கும் கம்பிச்சுருள் வட்டு, அதாவது காயில் (coil), அனுப்பும் காந்தப்புலம் போகிற வழியிலும் மெலிகிறது, காசிலிருந்து திரும்புகிற வழியிலும் மெலிகிறது. காயிலின் அகலத்தைத் தாண்டிய ஆழத்தில், ஆழம் இரட்டித்தால் சிக்னல் ஏறக்குறைய 64-இல் ஒரு பங்காகிவிடும். எங்கள் செம்மண்ணில் இரும்புச் சத்து வேறு. மண்ணின் சிக்னலும் காசின் சிக்னலும் கலந்து, எந்த உலோகம் என்று திரை காட்டும் எண் (இரும்புக்குக் கீழே, வெள்ளிக்கு மேலே) இரும்புப் பக்கம் சரியும். நல்ல வெள்ளி ரூபாய் ஆணி என்று காட்டும். அதைவிட மோசம், துருவேறிய லாடம் வெள்ளி என்று காட்டும்.

முதலில் என்னிடம் இருந்தது ஒற்றை அலைவரிசைக் கருவி. விலை குறைவு, எடை குறைவு, பழகுவதும் எளிது. குறைந்த கிலோஹெர்ட்ஸ் என்றால் ரூபாய் போன்ற கனத்த வெள்ளிக்கு நல்லது. சக்கரம் மாதிரி பொடிக் காசுக்கு அலைவரிசை கூட வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பல அலைவரிசையில் இயங்கும் மல்டி ஃப்ரீக்வென்ஸி கருவி இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கிறது, மண்ணைத் தனியாகப் பிரித்து அறிகிறது. செம்மண்ணில் இந்த வித்தியாசம் பெரிது. பணம் கூடுதல்தான், ஆனாலும் எங்கள் ஊருக்கு என் ஓட்டு இதற்கே. விட்டு விட்டுக் காந்தத் துடிப்பு அனுப்பும் பல்ஸ் இண்டக்ஷன் கருவி மண்ணின் தொல்லையை இன்னும் நன்றாகத் தாங்கும், ஆழமும் போகும். ஆனால் இரும்பைப் பிரித்துச் சொல்வதில் மிகவும் பலவீனம். பழைய வீட்டுமனையில் அதைக் கொண்டுபோனால் ஒவ்வோர் ஆணியையும் தோண்ட வேண்டும்.

15 அங்குல அகலக் காயில் நல்ல ஆழம் தரும், ஆனால் காசையும் பக்கத்து ஆணியையும் ஒன்றாகக் கேட்கும். 11 அங்குலம் நடுவழி.

சரி, எண்ணா காதா? தை மாதம் பலா மரத்தடியில் ஒரு மணி நேரத்தில் இரண்டு சிக்னல் கிடைத்தன. முதலாவதில் எண் உயரத்தில் அசையாமல் நின்றது. குறுக்கே 90 டிகிரி திரும்பிக் காயிலை மண்மேல் வீசினேன், ஒலி உடைந்து கரகரத்தது, இடமும் நாலு விரல் நகர்ந்தது. எண்ணை நம்பித் தோண்டினேன்: மாட்டு லாடம். இரண்டாவதில் எண் ஒருமுறை மேலே, ஒருமுறை இரும்புக்கு, நிலைக்கவே இல்லை. "தம்பி, விட்டுத் தள்ளு, அது ஆணி" என்றார் சித்தப்பா. ஹெட்ஃபோனில் மட்டும் மெல்லிய, உருண்டையான ஒலி. எந்தப் பக்கம் இருந்து வீசினாலும் அதே இடம், அதே ஒலி. காயிலைத் தூக்கத் தூக்க மெல்ல அடங்கியது. புல்லோடு ஒரு கட்டி மண்ணை வெட்டிப் புரட்டி, பின்பாயிண்டரை (இடத்தைத் துல்லியமாகக் காட்டும் சிறு கைக்கருவி) குழியின் சுவரில் ஓட்டினேன். ஒரு சாண் ஆழத்தில் கருத்த வட்டம். தண்ணீர் விட்டதும் ராணியின் முகம் தெரிந்தது. பின்னால் 1862. அந்த ஆண்டையே பல வருஷம் மாற்றாமல் அடித்தார்கள் என்பதால், எப்போது விழுந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

அன்றிலிருந்து நான் எண்ணை மேல் மண்ணுக்கு மட்டும் நம்புகிறேன். ஆழத்தில் அடையாளம் சொல்வது இரண்டு திசையிலும் மாறாத ஒலி. இரும்பை அடக்கும் வசதியையும் குறைத்தே வைக்கிறேன், கூட்டினால் ஆழத்து ரூபாயும் சேர்ந்து வாயடைத்துப் போகும்.

இன்னொன்று முக்கியம். நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும், பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்தில் கருவியோடு கால் வைக்கவே கூடாது. கேரளத்தில் 1968-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், தமிழ்நாட்டுப் பக்கம் 1878-ஆம் ஆண்டுச் சட்டம். கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த ரூபாயைப் பற்றி நாங்களும் எழுதிக் கொடுத்தோம். எந்த இடம், எத்தனை ஆழம் என்று குறித்து வைத்தால்தான் அந்தக் காசுக்கு ஒரு கதை மிஞ்சும்.

சக்கரம் இன்னும் அகப்படவில்லை. பழைய படிக்கட்டு ஓரத்தில் ஆணி அதிகம். அங்கே மல்டியில் 6 அங்குலக் காயிலை மாட்டி, அடுத்த மழைக்கு முன் அடி அடியாக நடக்கப் போகிறேன்.