குறைந்த செலவில் எஞ்சின் அறை அலங்காரம்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின் எது நிலைத்தது?

பானட்டைத் திறந்தால் பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற ஆசையில், அதிகச் செலவில்லாமல் என் காரின் எஞ்சின் அறையைச் சீர்செய்து சில ஆண்டுகள் ஆகின்றன. வேலை முடிந்த வாரத்தில் எடுத்த படங்களைக் கொண்டு இதை மதிப்பிடுவதில் பொருளில்லை. அப்போது எல்லாமே பளபளக்கும். எஞ்சின் நாள்தோறும் சூடேறி ஆறி, எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்து, இடையில் சர்வீஸ் கைகளும் பட்ட பிறகு எது தாக்குப்பிடித்தது என்பதையே இங்கே எழுதுகிறேன். நிலைத்தவை பெரும்பாலும் வாகனத் தயாரிப்பாளர்களே பயன்படுத்தும் வகைப் பொருள்கள். அலங்காரத்துக்கென்றே விற்கப்படுபவற்றில் பாதிக்கு மேல் இப்போது என் காரில் இல்லை.

செலவில் மிகச் சிறியதும் பலனில் மிகப் பெரியதும் கழுவுதல்தான். கை வைத்தால் சுடாத அளவுக்கு எஞ்சின் ஆறிய பிறகு, ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, இக்னிஷன் காயில்கள், காற்று உள்ளே செல்லும் வாய் ஆகியவற்றைப் பாலித்தீன் பையால் மூடி, எண்ணெய்ப் பிசுக்கை அகற்றும் டிகிரீசரைத் தெளித்து, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்து, குறைந்த அழுத்தத் தண்ணீரில் அலசினேன். உயர் அழுத்தத் தண்ணீர் கனெக்டர்களின் ரப்பர் அடைப்பைத் தாண்டி உள்ளே புகக்கூடியது என்பதால் அதைத் தொடவில்லை. காரத்தன்மையுள்ள டிகிரீசரை அலுமினியத்தின் மேல் காயவிட்டால் வெண்மையான கறை நின்றுவிடும். எனவே பகுதி பகுதியாகத் தெளித்து உடனுக்குடன் அலசுவதே நல்லது. இந்தச் சுத்தத்துக்கு நான் எதிர்பாராத பயன் ஒன்றும் இருந்தது. தெர்மோஸ்டாட் கூட்டின் அடிவிளிம்பில் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிந்து உலர்ந்த மெல்லிய கோடு, அது சொட்டத் தொடங்கும் முன்பே கண்ணில் பட்டது. பழைய பிசுக்கு இருந்திருந்தால் அந்தக் கோடு எனக்குத் தெரிந்திருக்காது.

அடுத்து வால்வ் கவர், அதாவது எஞ்சினின் மேல்மூடி. பானட்டைத் திறந்தவுடன் பார்வை போய் நிற்கும் இடம் இதுவே என்பதால், பெயின்டுக்கு ஒதுக்கும் பணத்தை இங்கே செலவிடலாம். சாதாரண ஸ்பிரே பெயின்ட் இங்கே நெடுநாள் நிற்காது. சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் எஞ்சின் எனாமலைப் பயன்படுத்தினேன். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் வெப்பம் அதையும் வெகுவாகத் தாண்டிவிடும். அதற்குத் தனி வகைப் பெயின்ட் உண்டு, எனினும் நான் மேனிஃபோல்டைத் துருவோடு அப்படியே விட்டுவிட்டேன். பெயின்ட் பிடிப்பது முன்தயாரிப்பைப் பொறுத்தது. வார்ப்பு அலுமினியத்தின் நுண்துளைகளில் ஊறியிருக்கும் எண்ணெய் ஒரே கழுவலில் போகாது. கவரைக் கழற்றிக் கழுவி, மிதமாகச் சூடாக்கினால் மேலும் எண்ணெய் வியர்த்து வெளிவரும், அதையும் துடைத்தெடுத்து உப்புத்தாளால் தேய்த்த பிறகே பிரைமர் அடிக்க வேண்டும். கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் அமரும் முகத்தில் பெயின்ட் படக்கூடாது. கவரைக் கழற்றும் சாக்கில் கேஸ்கெட்டையும் புதிதாக மாற்றிவிடுவது சிக்கனமே. திரும்ப மாட்டும்போது போல்ட்டுகளை, கையேட்டில் உள்ள டார்க் (முறுக்குவிசை) அளவுக்கே முறுக்க வேண்டும். அந்தச் சிறிய போல்ட்டுகளுக்கு அது பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும். கூடுதலாக முறுக்கினால் அலுமினிய மரை வழுக்கிவிடும்.

நான் தேர்ந்தெடுத்தது சுருக்கம் விழும் வகைப் பெயின்ட். வார்ப்பில் உள்ள குறைகளை அது நன்றாக மறைக்கிறது. ஆனால் அந்தச் சுருக்கங்களில் அமரும் தூசியைத் துணியால் எடுக்க முடியாது, பிரஷ் வேண்டும். நிறம் இன்றுவரை மங்கவில்லை. ஆயில் ஊற்றும் மூடியைச் சுற்றி மட்டும் அடிக்கடி துடைத்ததால் சற்று வழவழப்பாகிவிட்டது. உண்மையான சேதம் வேறிடத்தில் நேர்ந்தது. பிரேக் திரவம் மாற்றியபோது சிந்திய சில துளிகள், கலனுக்குக் கீழே பாடியில் நான் அடித்திருந்த பெயின்டைக் கொப்புளமாக்கி, விரல் பட்டாலே உரியும் தோலாக மாற்றிவிட்டன. கிளைகால் வகைப் பிரேக் திரவத்துக்குப் பெயின்டைக் கரைக்கும் தன்மை உண்டு. அந்தப் பகுதியில் பெயின்ட் அடிப்பவர்கள், திரவம் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவ வேண்டும். பாடியில் எர்த் கம்பி சேரும் இடங்களிலும் பெயின்ட் அடிக்கக் கூடாது. மின்தொடர்பு தடைபட்டு, காரணம் புலப்படாத மின்கோளாறுகள் வரும்.

வயரிங்கைத் திருத்தியதில்தான் எனக்கு மிகுந்த நிறைவு. கம்பிகளை மூடியிருந்த, வெடித்துப்போன பழைய நெளிகுழாய்களைக் கழற்றிவிட்டு, நைலானால் ஆன புதியவற்றை மாட்டினேன்; மலிவான பிளாஸ்டிக் வகையைவிட இது வெப்பத்தில் உருக்குலையாமல் நிற்கிறது. முனைகளைச் சுற்றுவதற்குச் சாதாரண இன்சுலேஷன் டேப் வேண்டாம். எஞ்சின் சூட்டில் அதன் பசை இளகி, டேப் நழுவி, கம்பியெல்லாம் பிசுபிசுப்பாகிவிடும். தயாரிப்பாளர்கள் பயன்படுத்தும் துணி வகை டேப்பைச் சுற்றினேன், அது சுற்றிய நிலையிலேயே இருக்கிறது. பார்வைக்காக ஆரஞ்சு நிறக் குழாயை வாங்க எண்ணுபவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். ஹைபிரிட், மின்சார வாகனங்களில் அந்த நிறம் உயர் மின்னழுத்தக் கம்பிக்கு உரிய எச்சரிக்கை.

வண்ணச் சிலிக்கான் ஹோஸ்களை வேக்குவம் (காற்று உறிஞ்சும்) இணைப்புகளுக்கு மட்டும் போட்டேன், நன்றாக உழைக்கின்றன. பெட்ரோல் செல்லும் வழியில் சாதாரண சிலிக்கான் ஹோஸை ஒருபோதும் போடக்கூடாது, எரிபொருள் அதில் ஊறி அதை உப்பவைக்கும். ரப்பர் ஹோஸ்களின் மேல் மாட்டும் எஃகுப் பின்னல் உறைகளை நானே கழற்றிவிட்டேன். வெட்டிய முனைகளின் இழைகள் பக்கத்து ஹோஸை அறுத்துக்கொண்டிருந்தன. பேட்டரி முனைக்கு அருகில் அப்படியொரு உலோக இழை தொங்குவதை நினைத்தால் தூக்கம் வராது.

குரோம் ஸ்டிக்கர்கள் உரிந்தன. எல்ஈடி விளக்குப் பட்டை, பகலில் தெரிவதில்லை, இரவில் பானட்டைத் திறப்பதில்லை. அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளை மாட்டுபவர்கள் மரைகளில் ஆன்டி சீஸ் என்ற, இறுகாமல் காக்கும் பசையைத் தடவ வேண்டும், இல்லையேல் இரு உலோகங்களுக்கிடையே அரிப்பு ஏற்பட்டுப் போல்ட் இறுகிவிடும். பிளாஸ்டிக் பாகங்களுக்கு, எண்ணெய் போல் மின்னும் பாலிஷைவிட நீர்த்தன்மையுள்ள மங்கலான வகை மேல். முன்னது தூசியை இழுக்கும், பெல்ட்டில் பட்டால் வழுக்கும்.

பானட்டின் அடியில் ஒட்டிய அலுமினியத்தாள் நுரை மட்டும் இன்னும் தீராத வேலை. பசை சூட்டில் விட்டு, நடுப்பகுதி எஞ்சினை நோக்கித் தொங்குகிறது. அசல் உறையைப் பிடித்திருந்த கிளிப்புகளுக்கான துளைகள் பானட்டில் அப்படியே இருப்பதால், அவற்றில் பொருந்தும் பழைய உறை ஒன்றைக் கழித்த வண்டிகளின் பாகங்களுக்கிடையே தேடிக்கொண்டிருக்கிறேன்.